பண்டிகை நாளில் பெரிய கடைகளுக்குக் கட்டாய விடுமுறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலன்றும் தீபாவளியன்றும் கடைவீதிக்குப் போனால் பாதிக் கடைகள் அடைத்துக் கிடக்கின்றன என்றும், ஆண்டின் 365 நாளும் கடை திறந்து வைக்க அரசே அனுமதி அளித்த பிறகும் வணிகர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்றும் வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அலுவலக விடுமுறை நாளில்தான் குடும்பத்தோடு கடைக்குப் போக முடிகிறது என்று அவர் சொன்ன காரணத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நாளில் அவருக்குத் துணி எடுத்துப் போடவும், பில் போடவும், பொருளைக் கட்டிக் கையில் கொடுக்கவும் நிற்பவருக்கும் அதே நாள்தான் பண்டிகை என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, சேலைப் பிரிவின் பொறுப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தின் பேரில், பத்துப் பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் பெரிய கடைகள் முக்கியப் பண்டிகை நாள்களில் கட்டாயம் அடைக்கப்பட வேண்டும் என்று நான் கருதுவதற்கான காரணங்களைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடை ஊழியர்களிலேயே பலருக்கு இது தெரியாது. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று தமிழ்நாட்டில் 1958-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாள்களும், ஆக ஒன்பது நாள்கள் ஊழியர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகத் தரப்பட வேண்டும். ஆனால் அதே சட்டம், விடுமுறை நாளில் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் வழி விட்டிருக்கிறது. அன்று வேலை செய்தவருக்கு இரட்டிப்புச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு முன்பின் மூன்று நாள்களுக்குள் மாற்று விடுப்போ தந்தால் போதுமானது. ஆகஸ்ட் 15 முடிந்த மறுநாளும் அக்டோபர் 2 முடிந்த மறுநாளும், தொழிலாளர் துறையினர் ஆய்வு நடத்தி விடுமுறை அளிக்காத கடைகள் மீதும் உணவகங்கள் மீதும் நடவடிக்கை எடுத்தார்கள் என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் தவறாமல் வருகிறது. அந்தச் செய்தியில் குற்றமாகச் சொல்லப்படுவது, விடுமுறை நாளில் ஆள் வைத்து வேலை வாங்கியதைவிட, அதற்குரிய படிவத்தைக் கொடுக்காமலும் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தராமலும் வேலை வாங்கியதே. ஆக, நம் சட்டம் ஊழியருக்கு விடுமுறையைத் தருகிறதே தவிர, கடையை மூடச் சொல்வதில்லை. இந்த இடைவெளியில்தான் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

இந்த நிலையில் 2019-இல் வந்த அரசாணை, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு அனுமதி தந்தது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது, 2025-இல் மறுபடியும் நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு, நாளுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் வேலை, மிகைநேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலைக்கு வைக்க வேண்டுமானால் அவர்களின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்றெல்லாம் அதில் நல்ல நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் ஊழியர்களை மறந்துவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிபந்தனைகள் எல்லாம் மணி நேரத்தையும் நாள்களையும் எண்ணுகின்றன; எந்த நாள் என்று கேட்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எந்தக் கிழமையில் கிடைத்தாலும் உடல் இளைப்பாறும். தீபாவளிக்குப் பதிலாக அதற்கு மூன்றாம் நாள் கிடைக்கும் ஓய்வில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள், வந்த உறவினர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள், வாசலில் வெடித்த காகிதக் குப்பை கூட்டப்பட்டிருக்கும். மாற்று விடுப்பு என்ற சொல் சட்டப் புத்தகத்தில் பொருந்தலாம். ஒரு பண்டிகைக்கு மாற்றாக வேறொரு நாளை வைக்க முடியாது.

சம்மதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் வேலை செய்ய ஊழியர் விரும்புவதாகக் காட்டும் தாளில் நானே பல முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொறுப்பாளராக ஆன பிறகு, எனக்குக் கீழே இருந்தவர்களிடம் அதை நீட்டிக் கையெழுத்து வாங்கியும் இருக்கிறேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். ஐப்பசி மாத வியாபாரம் முடிந்து போனஸ் கைக்கு வரவேண்டிய நேரத்தில், அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வு முதலாளியின் வாய்ச்சொல்லில் இருக்கும்போது, "எனக்குச் சம்மதமில்லை" என்று எந்த விற்பனையாளரும் எழுதித் தர மாட்டார். 34 ஆண்டுகளில் அப்படி மறுத்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முந்தின இரவு ஒரு ஜவுளிக்கடையில் என்ன நடக்கிறது என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இரவு பன்னிரண்டு மணிக்கும் ஆள் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு கடைகளில் வேலை முடித்து, அன்று கிடைத்த போனஸ் பணத்தோடு தங்கள் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க ஓடி வருகிறவர்கள் என்பதால் அவர்களைத் திருப்பி அனுப்பவும் மனம் வராது. கடைசி ஆள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை மறுபடி தொடங்கும். பிரித்துப் போட்ட சேலைகள் இடுப்பளவுக்குக் குவிந்திருக்கும். அத்தனையையும் மடித்து, விலைச்சீட்டைச் சரிபார்த்து, ரகம் பிரித்து அலமாரியில் அடுக்க வேண்டும். கல்லாவில் கணக்கு முடியும்வரை எவரும் வெளியே போக முடியாது. எங்கள் கடையில் போனஸையும் இனிப்புப் பெட்டியையும் அதற்குப் பிறகுதான் தருவார்கள். இரவு இரண்டரை மணிக்கு வெளியே வந்தால் டவுன் பஸ் இருக்காது. அவனியாபுரம், திருநகர், ஒத்தக்கடை என்று ஒரே திசைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஆட்டோ பிடித்துப் போவோம். அந்த நேரத்தில் வீடுகளில் வெந்நீர் அடுப்பு மூட்டத் தொடங்கியிருப்பார்கள்.

என் மூத்த மகளுக்குத் தலை தீபாவளி வந்த ஆண்டும் இப்படித்தான் போனது. மகளும் மருமகனும் முந்தின மாலையே வந்துவிட்டார்கள். வாசலில் நின்று வரவேற்க வேண்டிய நான், அந்த மாலை முழுவதும் மற்றவர்களின் தலை தீபாவளிக்குப் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நாலரை மணிக்கு மருமகன் தலையில் எண்ணெய் வைத்து, மஞ்சள் தடவிய புது வேட்டியைக் கையில் கொடுத்தேன். என் கண் சொருகுவதைப் பார்த்து அவரே என்னைப் படுக்கச் சொன்னார். மீந்திருக்கும் சரக்கைத் தள்ளுபடியில் விற்பதற்காக அன்றும் எங்கள் கடை மதியம் வரை திறந்திருந்தது. எனவே எட்டரை மணிக்கு நான் மறுபடி கிளம்பிவிட்டேன். அன்று அவரோடு ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அன்று மதியம் வரை என் பிரிவில் விற்றது ஏழு சேலைகள். அந்த ஏழும் அதற்கு முந்தின நாளிலோ அடுத்த நாளிலோ விற்றிருக்கும். அன்றைய இரட்டைச் சம்பளம் எனக்கு முறையாகக் கிடைத்தது. அந்த வகையில் என் முதலாளியின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. சட்டம் சொன்னதை அவர் செய்தார். சட்டம் சொல்வது போதவில்லை என்பதுதான் என் முறையீடு.

உள்ளூரில் வீடு இருந்த எனக்கே இந்த நிலை என்றால், சென்னை தியாகராய நகரிலும் மற்றப் பெருநகரங்களிலும் கடை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் தென்மாவட்ட இளைஞர்களையும் பெண்பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கும் மேல். முந்தின இரவு கடை மூடிய பிறகு கிளம்பினாலும், கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்து, பண்டிகைக் கூட்டத்தில் பேருந்து பிடித்து, வழிநெடுக நெரிசலில் நின்று நின்று ஊர் போய்ச் சேர்வதற்குள் பண்டிகை நாளில் பெரும்பகுதி கழிந்துவிடும். அந்த நாளிலும் கடை திறந்திருக்குமானால் அவர்கள் கிளம்பவே மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மகள் வருவாள் என்று காத்திருக்கும் ஒரு தாய்க்கு, கடையின் சுழற்சிப் பட்டியலில் இந்த முறை அவள் பெயர் வரவில்லை என்று எப்படி விளக்குவது?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகளில் கவனிக்கத்தக்கவை சில உண்டு. மருந்துக்கடை, பால், உணவகம், பெட்ரோல் பங்க், பேருந்து நிலையக் கடைகள் போன்றவை மூடப்பட்டால் மக்கள் தவிப்பார்கள் என்பது உண்மை. அவற்றை யாரும் மூடச் சொல்லவில்லை. மருத்துவமனையிலும் ரயிலிலும் மின்வாரியத்திலும் பண்டிகையன்று வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. ஆனால் அவர்கள் அன்று வேலை செய்யாவிட்டால் உயிருக்கோ பயணத்துக்கோ கேடு வரும். ஒரு சேலையோ, குளிர்சாதனப் பெட்டியோ, கைப்பேசியோ அன்றைக்கே வாங்காவிட்டால் எந்தக் கேடும் வராது. அதுபோலவே, குடும்பத்தார் தாங்களே நடத்தும் மளிகைக் கடையும் பெட்டிக்கடையும் இந்தக் கோரிக்கைக்குள் வரவே இல்லை. அவர்கள் திறப்பதும் மூடுவதும் அவர்கள் விருப்பம். பெரிய கடைகள் மூடியிருக்கும் அந்த ஒரு நாளில் அவர்களுக்கு நாலு வியாபாரம் கூடுதலாக நடந்தால் அதுவும் நல்லதே.

பக்கத்துக் கடைக்காரர் திறந்து வைத்திருக்கும்போது நான் மட்டும் எப்படி மூடுவது என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊழியர்களுக்கு விடுமுறை தர மனமுள்ள முதலாளிகள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். எதிர்வரிசையில் விளக்கு எரிவதைப் பார்த்து அவர்களும் திறந்தார்கள். தனி ஒருவரின் நல்ல மனத்துக்கு விட்டால் நடக்காத காரியம் என்பதாலேயே இதை எல்லோருக்கும் ஒன்றாகச் சட்டமாக்கக் கேட்கிறேன். இங்கிலாந்தில் இதே காரணத்துக்காக 2004-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது, சிறிய கடைகளுக்குத் தடையில்லை. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி வணிகர் தினத்தன்று நம் மாநிலத்தில் ஏராளமான கடைகளை வணிகர்களே ஒன்றுசேர்ந்து அடைக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து அடைத்தால் யாருக்கும் நட்டமில்லை என்பதை அவர்களே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். குடியரசு தினம், மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு தினம் முதலிய நாள்களில் டாஸ்மாக் கடைகளை அரசு மூடுகிறது. மகாவீர் ஜெயந்திக்கு இறைச்சிக் கடைகளை மூட மாநகராட்சிகள் உத்தரவிடுகின்றன. ஒரு நாளின் புனிதத்துக்காகக் கடையை மூடச் சொல்ல முடிகிற அரசால், அந்த நாளில் உழைப்பவரின் ஓய்வுக்காகவும் மூடச் சொல்ல முடியும்.

இரட்டைச் சம்பளத்துக்காக விடுமுறையில் வேலை செய்ய உண்மையாகவே விரும்புகிறவர்கள் உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். கணவரை இழந்து, வட்டிக்கு வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் பிரிவில் ஒவ்வொரு பண்டிகைக்கும் தானாக முன்வந்து பெயர் கொடுப்பார். அவருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. ஆனால் அவரோடு பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பேச்சை எடுத்தாலே அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மாதச் சம்பளம் வாழப் போதுமானதாக இருந்தால் பண்டிகையை விற்று அதை ஈடுகட்ட அவருக்கு அவசியம் இருந்திருக்காது.

எந்தப் பண்டிகை, யாருடைய பண்டிகை என்ற கேள்வியும் வரும். எங்கள் கடையில் இஸ்லாமிய, கிறிஸ்தவ நண்பர்கள் பலர் இருந்தார்கள். தீபாவளி மதியம்வரை அவர்கள் எங்களுக்காக நின்றார்கள். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் அவர்களுக்காக நின்றோம். பேசாமலே நடந்த அந்த ஏற்பாட்டை நினைக்க இன்றும் மனம் நிறைகிறது. ஆனால் ஒரு பிரிவில் எட்டுப் பேர் இருக்கும் கடையில் நடக்கிற இந்த ஏற்பாடு, ஐந்து மாடிகளில் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இன்றைய கடைகளில் நடக்காது. ஆகையால் எல்லோருக்கும் பொதுவாகத் தை முதல் நாளும், தீபாவளியும், மே முதல் நாளும் கடைகள் அடைக்கப்பட வேண்டும். இவை தவிர, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ், புனித வெள்ளி என்று ஒவ்வொருவரும் தமக்குரிய இரு நாள்களை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்து, அவற்றை முதலாளி மாற்ற முடியாத உரிமையாகப் பெற வேண்டும் என்பது என் யோசனை. மே நாளைச் சேர்த்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 1923-இல் சிங்காரவேலர் மே நாள் கூட்டம் நடத்தியது இதே தமிழ்நாட்டில், சென்னைக் கடற்கரையில்தான். தை முதல் நாளுக்கு மதுரைக்காரனாக இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. அன்றுதான் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. அந்த ஊர்ப் பையன்கள் எங்கள் கடையில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள், சொந்த ஊரின் வாடிவாசலை அவர்கள் கடைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

கடைகளை மூடினால் மக்கள் கைப்பேசியில் வாங்கிவிடுவார்கள், நட்டம் நமக்குத்தான் என்று வணிகர்கள் இப்போது சொல்கிறார்கள். இதில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. கடை ஊழியருக்கு விடுமுறை தந்துவிட்டு, அதே துணியைக் கிடங்கிலிருந்து எடுத்துக் கட்டுகிறவரையும் வாசல்வரை கொண்டுவருகிற இளைஞரையும் அன்று ஓட வைத்தால் நாம் எதையும் திருத்தியவர்கள் ஆக மாட்டோம். உணவும் மருந்தும் தவிர்த்த பொருள்களுக்கு, இணையவழி நிறுவனங்களின் கிடங்குகளுக்கும் விநியோகத்துக்கும் அதே விடுமுறை பொருந்த வேண்டும். அந்த மூன்று நாளில் பதிவாகும் பொருள் மறுநாள் வந்தால் யாருக்கும் குறைவில்லை.

இவையெல்லாம் நடக்காத கனவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், விற்பனையாளர் உட்காரக் கூடாது என்பது எழுதாத விதி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூடக் கண்டிப்பார்கள். என் கால்களில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது அந்த ஆண்டுகளால் வந்தது. அதை மாற்ற முடியும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. 2021-இல், கடை ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கேரளம் அதற்கு முன்பே செய்திருந்தது. அதனால் எந்தக் கடையும் மூடப்படவில்லை, எந்த வியாபாரமும் குறையவில்லை.

எனவே தொழிலாளர் நலத்துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. 24 மணி நேரக் கடை அனுமதியை அடுத்த முறை நீட்டிக்கும்போது, தை முதல் நாள், மே 1, தீபாவளி ஆகிய மூன்று நாள்களிலும் அந்த அனுமதி செல்லாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு முந்தின இரவு 9 மணிக்கு மேல் பெரிய கடைகளில் விற்பனை கூடாது என்றும், அன்று போனஸும் சம்பளமும் பாக்கியிருந்தால் மாலைக்குள் தந்துவிட வேண்டும் என்றும் விதிக்க வேண்டும். எழுத்துமூலமான சம்மதத் தாளை முதலாளியிடம் கொடுப்பதை விடுத்து, ஊழியர் நேராகத் துறைக்கே அனுப்பும் வழியைச் செய்ய வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், பொறுப்பாளர் அருகில் இல்லாதபோது ஊழியர்களிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

தங்கள் வாசகரான அந்த அன்பருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் கடைவீதிகளுக்கு ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று திருவிழா நடக்கும் மாதங்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. அந்த வீதிகளில் நின்று வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டுத் திருவிழாவுக்கு இருக்கட்டும் என்று, அடுத்த தீபாவளிக்கு வேண்டியதை ஒரு வாரம் முன்னதாகவே வந்து வாங்கிக்கொள்ளுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் குறைவாக இருக்கும். நாங்களும் இன்னும் நாலு ரகம் கூடுதலாக எடுத்துக் காட்டுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை ஊழியர்,
மதுரை.